பிணம் இணைக்கப்படாத மனு

ஓர் இடம் ஆபத்தானது என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அங்கே ஆட்கள் செத்திருக்க வேண்டும். எத்தனை பேர் என்பதற்கும் கணக்கு உண்டு. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ உண்டாக்கிய விபத்து ஐந்தாவது நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்துப் பேர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடத்துக்குக் 'கரும்புள்ளி' பட்டம் கிடைக்கும். நக்கலுக்காக நான் ஜோடித்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தேசிய நெடுஞ்சாலைகளுக்காக மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வைத்திருக்கும் வரையறை இது. நான்கே விபத்தோடு, ஒன்பதே சாவோடு சோர்ந்துபோன வளைவு இன்னும் கொஞ்சம் முயற்சி செய்ய வேண்டும்.

நெடுஞ்சாலைக்கே இந்தக் கெடுபிடி என்றால் தெருவுக்கு ஏது நாதி? எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுத் தெரு எதுவும் இந்தப் பரீட்சையில் தேறப்போவதில்லை. அநேகத் தெருக்களின் மொத்த நீளமே 500 மீட்டர் இருக்காது. ஒரு முட்டுச்சந்து மூன்று வருஷத்தில் பத்துப் பேரைக் கொல்வது என்றால் சும்மாவா? அதிகபட்சம் ஒரு கிழவியின் இடுப்பெலும்பை முறிக்கும். பால் வாங்கப் போன பிள்ளையின் முன்பல்லைப் பெயர்க்கும். இதெல்லாம் போலீஸ் ஸ்டேஷன்வரை போகாது. அடித்தவனும் அடிபட்டவனும் பக்கத்துத் தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள். ஜமாஅத்தில் நாலு பெரியவர்கள் பேசி ஆஸ்பத்திரிச் செலவை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை என்றால் விபத்தே இல்லை. விபத்து இல்லாத ஊர் பாதுகாப்பான ஊர். சர்க்கார் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிறது ஊர். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். சில கிலோமீட்டர் மேற்கே போனால் சென்னை - திருச்சி நான்கு வழிச்சாலை, திருமாந்துறை சுங்கச்சாவடி. பக்கத்தில் எறையூர் சர்க்கரை ஆலை. குன்னம் வட்டத்துப் பேரூராட்சி; பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிற நான்கே பேரூராட்சிகளில் ஒன்று. வாசற்படி நேராகத் தெருவில் இறங்கும். நடுவில் நடைபாதை என்கிற சமாச்சாரம் கிடையாது. வீட்டுப் படியே நடைபாதை, தெருவே முற்றம். மாலையில் ஓதப் போகும் பிள்ளைகளும், தொழுகைக்குக் கைத்தடியோடு கிளம்பும் பெரியவர்களும், கடைக்கும் தையல்காரர் வீட்டுக்கும் நடக்கும் பெண்களும், ஆடும் கோழியும் ஒரே தளத்தில்தான் புழங்குகிறார்கள். இந்தத் தளத்துக்குள் அறுபதில் ஒரு பைக் நுழைகிறது.

கணக்கு எளிது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். பிள்ளை குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு விநாடி போய்விடும். பிள்ளை 15 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். முப்பதில் வருகிறவன் நல்ல தார்ச்சாலையில் 13 மீட்டரில் நிறுத்திவிடுவான். பிள்ளை மிரண்டு அழும், அவன் இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு போவான். அறுபதில் வருகிறவனோ பிரேக்கில் கால் வைக்கும் முன்பே மோதிவிட்டிருப்பான், முழு அறுபதிலும். 'திடீர்னு குறுக்க வந்துருச்சு' என்று அவன் அழுது சொல்வது பொய்யில்லை. அந்த வேகத்தில் வருகிறவனுக்கு உலகத்தில் எல்லாமே திடீரென்றுதான் வரும்.

அந்த பைக்கில் வருகிற பையனுக்கு வயது பதினாறு. வண்டி புத்தம் புதுசு, சைலன்சர் மட்டும் மாற்றியது. தெருமுனையில் திரும்பும்போது ஒரு முறுக்கு முறுக்கினால் மூன்று தெருவில் தொட்டில் பிள்ளைகள் எழுந்துகொள்ளும். வாங்கிக் கொடுத்தவர் அவன் அத்தா, சம்பாதிப்பது வளைகுடாவில். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவு சொல்கிறது: சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. சட்டம் தேடவேண்டிய பாதுகாவலர் ஷார்ஜாவில் இருக்கிறார். அங்கே அவர் எப்படி ஓட்டுகிறார் தெரியுமா? ஐக்கிய அரபு அமீரகத்தில் வேகவரம்பை 80 கிலோமீட்டருக்கு மேல் தாண்டினால் 3,000 திர்ஹாம் அபராதம். நம் காசில் ஏறத்தாழ 70 ஆயிரம். லைசென்ஸில் 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். (அங்கே கரும்புள்ளியை ஓட்டுகிறவனுக்கு வைக்கிறார்கள், இங்கே சாலைக்கு வைக்கிறோம்.) கம்பத்தில் ஒரு சாம்பல் பெட்டியைப் பார்த்தால் போதும், அத்தாவின் கால் தானாக ஆக்சிலரேட்டரிலிருந்து இறங்கிவிடும். அதே மனிதர் விடுமுறைக்கு வந்தால் திருச்சி விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து டிரைவரிடம் "என்னப்பா, மாட்டு வண்டியா ஓட்டுற?" என்கிறார்.

இதை லப்பைக்குடிக்காட்டுக்கு மட்டும் சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். வெளிநாட்டுக் காசு வந்து இறங்கும் ஊர்களில் எல்லாம் இதுதான். ரத்தத்தில் ஒழுக்கம் இல்லை, நம் ஜனங்கள் திருந்தமாட்டார்கள் என்று பேசுகிற படித்தவர்களுக்கு ஒரு கேள்வி: விமானத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் ரத்தம் மாறுகிறதா? மாறுவது சாலையும், அபராதமும், பிடிபடுவோம் என்ற பயமும்தான். மூன்றையும் தரவேண்டியது அரசாங்கம்.

பையன்கள்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நகர்ந்துகொள்வது வசதியாக இருக்கும். ஊருக்குள் நுழையும் டிப்பர் யாருடையது? ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிவரும் டிரைவருக்கு நடைக்குத்தான் காசு. ஒரு நாளில் ஒரு நடை கூடினால் வீட்டில் அரிசி, குறைந்தால் முதலாளியின் வசவு. அவன் காலை ஆக்சிலரேட்டரில் வைத்து அழுத்துவது கூலி ஒப்பந்தம்தான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். சிமெண்ட் ஆலைகள் நாட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்த கதையோடு, அந்த லாரிகளுக்குப் பயந்து பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பாத கதையையும் சேர்த்தே சொல்வார்கள். பஸ்ஸுக்கு 'டைமிங்'. முன்னால் போகிற வண்டிக்காரன் அள்ளிவிட்டால் பின்னால் வருகிறவனுக்குக் கலெக்‌ஷன் இல்லை, கலெக்‌ஷன் இல்லாவிட்டால் பேட்டா இல்லை. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் இருட்டோடு இருட்டாக நகரும். அது மட்டும்தான் மெதுவாகப் போகிற வண்டி, அதன் பின்னாலும் போய் மோதிச் சாகிறார்கள், வேகமாக வருகிறவர்கள். மெதுவாக ஓட்டினால் நஷ்டம், வேகமாக ஓட்டினால் லாபம் என்று தொழிலை அமைத்துவிட்டு, 'நிதானம் தேவை' என்று சாலையோரம் போர்டு வைக்கிறோம். போர்டை நன்கொடையாகத் தந்த கடையின் பெயர் வாசகத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

2022-ல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. செத்தவர்கள் 17,884, இதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாளுக்கு 49 பேர். நாடு முழுக்க அந்த ஆண்டு மாண்ட 1,68,491 பேரில் பத்துக்கு ஏழு பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று அமைச்சகத்தின் அறிக்கையே எழுதியிருக்கிறது. ஒரு நோய் நாளுக்கு 49 பேரைக் கொன்றால் பள்ளிக்கூடத்தை மூடியிருப்போம்.

சரி, தெருவில் வேகத்தைக் குறைக்க ஓர் ஊர்க்காரர் என்ன செய்ய வேண்டும்? மனு எழுத வேண்டும். பேரூராட்சியில் கொடுத்தால், அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. நெடுஞ்சாலைத் துறையில் கொடுத்தால், எங்கள் சாலை முக்கோடு முடிகிறது, உள்ளே போவது பேரூராட்சியின் தெரு. போலீஸில் கொடுத்தால், வேகத்தடை மேடு போடுவது எங்கள் வேலையில்லை, வேண்டுமானால் பரிந்துரைக்கிறோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தால், வண்டிதான் எங்களுடையது, சாலை இல்லை. கடைசியில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ், மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே ரசீது கிடைக்கும். 'தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று செல்போனுக்குச் செய்தியும் வரும். சம்பந்தப்பட்ட துறை எது? முதலில் போன பேரூராட்சி. சாலை ஒருவருக்கு, வண்டி ஒருவருக்கு, வேகம் ஒருவருக்கு என்று பங்கு பிரித்தாயிற்று; அடிபடுகிற பிள்ளை மட்டும் முழுசாகப் பெற்றவர்களுக்கு. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்து, 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்து, 2002-ல் திரும்பச் சேர்த்து, 2007-ல் மறுபடியும் பிரித்த அரசாங்கத்துக்கு, ஒரு தெருமுனை எந்தத் துறையில் விழுகிறது என்று மட்டும் தெரியமாட்டேன் என்கிறது.

மனுவில் குறை இருக்கிறது. தெருவின் படம் இருக்கும், நூறு கையெழுத்து இருக்கும், பள்ளிக்கூடத்தின் கடிதம் இருக்கும். பிணம் இருக்காது.

பிணம் இருந்தால் வேலை நடக்கும் விதமே வேறு. காலை எட்டரைக்கு ஒரு பிள்ளை லாரிச் சக்கரத்தில் போகிறது. ஒன்பதுக்கு ஊர் ரோட்டில் உட்காருகிறது. ஒன்பதரைக்கு இரண்டு பக்கமும் பஸ் நிற்கிறது. பத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் பேச்சு எடுபடுவதில்லை. பதினொன்றுக்கு டி.எஸ்.பி., பிறகு தாசில்தார். அதுவரை ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்த துறைகளெல்லாம் ஒரே வேப்பமரத்து நிழலில் நிற்கும். எந்தச் சாலை யாருடையது என்ற ஆராய்ச்சி அன்று நடக்காது. மறுநாள் பேப்பரில் இப்படி வரும்: 'வேகத்தடை அமைக்க நடவடிக்கை எடுக்கப்படும் என அதிகாரிகள் உறுதியளித்ததைத் தொடர்ந்து மறியல் கைவிடப்பட்டது. இதனால் அப்பகுதியில் இரண்டு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது.' எல்லா மாவட்டப் பதிப்பிலும் எல்லா வாரமும் வருகிற வாக்கியம். ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு அச்சுக் கோத்தே வைத்திருக்கலாம். கவனியுங்கள், பாதிக்கப்பட்டது போக்குவரத்து.

சாயங்காலமே மேடு முளைத்துவிடும். மூன்று வருஷ மனுவுக்குக் கிடைக்காத நிதி ஒதுக்கீடு, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் எல்லாம் ஆறு மணி நேரத்தில் கிடைத்துவிட்டன. அப்படியென்றால் இதற்கு முன்பும் முடிந்திருக்கும், செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? அந்தப் பிள்ளையின் தாய்க்கு யாரும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிறது.

வந்த மேட்டையும் பார்க்கலாம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென்றே 1988-ல் 'ஐஆர்சி 99' என்ற கையேட்டை வெளியிட்டது; 2018-ல் திருத்தியும் தந்தது. 1988-ன் அளவு: வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். அப்படிப் போட்டால் 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் அலுங்காமல் ஏறி இறங்குவான். அதற்குமேல் வந்தால் மட்டும் தூக்கிப் போடும். 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை, மேட்டின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை. நம் மேடு எங்கோ மிஞ்சிய ஜல்லியும் தாரும் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டியது. அகலம் ஒரு முழம், உயரம் முக்கால் முழம். பெயிண்ட் 'அடுத்த நிதியாண்டில்'. பலகை இல்லை, விளக்கு இல்லை. பகலில் பத்தில் வருகிறவனின் முதுகெலும்பையும் உடைக்கும். இரவில் தெரியாது. மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வருகிற வெளியூர்க்காரன் அதில் ஏறும்போது அந்த அம்மாள் பின்னந்தலை அடிபட விழுவாள். பையன் மட்டும் ஓரத்தில் விட்ட ஒரு சாண் சந்தில் வளைத்து ஓட்டிப் போய்விடுவான், அவனுக்குத்தானே போட்டது!

பிறகு இன்னொரு மறியல் வரும், வேகத்தடையை அகற்றக் கோரி. அல்லது அமைச்சர் வருவார். அமைச்சர் வருகிறார் என்றால் முதல் நாள் இரவே பொக்லைன் வந்து மேட்டைச் சுரண்டி எடுப்பதைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று. ஐந்து விநாடி ஒரு காரின் பின்சீட்டு குலுங்கக் கூடாது என்பதற்காக. கார் போனபின் சுரண்டிய இடத்தில் பள்ளம் இருக்கும். அதற்கும் யாராவது விழுவார்கள்.

மேடு கேட்டால் அதிகாரி சொல்லும் ஒரே மனிதாபிமானக் காரணம் ஆம்புலன்ஸ். "நூத்தியெட்டு வேகமா போக முடியாதுங்க." அடிபட்டவனை விரைவாக அள்ளிக்கொண்டு போக வசதி வேண்டும்; அதனால் அடிபடாமல் தடுக்கக் கூடாது. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் முதலமைச்சர் தொடங்கிவைத்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' நல்ல திட்டம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது, எந்த மாநிலத்தான் என்று பார்ப்பதில்லை. அதில் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேலி செய்ய மாட்டேன். மோதிய பிறகு உள்ள 48 மணி நேரத்துக்கு இவ்வளவு செலவழிக்க மனம் இருக்கிறவர்கள், மோதுவதற்கு முந்தைய ஒரு விநாடிக்கு ஒரு மூட்டை சிமெண்ட் தரமாட்டேன் என்பதுதான் புரியவில்லை. மோதிவிட்டு ஓடிப்போன வண்டியால் செத்தவரின் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் முதல் இரண்டு லட்சம் ரூபாய். அதற்கு முன்பு 25 ஆயிரம். செத்ததற்கு விலை ஏறியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் உண்மையில் வேலை செய்கிற வேகத்தடை ஒன்று உண்டு. மக்காச்சோளம். மாநிலத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசை. அறுவடை முடிந்ததும் களம் இல்லாத சம்சாரி தார்ச்சாலையில் பாதியை வளைத்துச் சோளத்தைக் காயப் போடுவார். சுற்றிலும் கல் அடுக்குவார். சாலை ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கும், எதிரே வருகிறவன் நின்று வழி விடுவான், எல்லாரும் இருபதில் போவார்கள். நெதர்லாந்துப் பொறியாளர்கள் பெரிய படிப்புப் படித்துக் கண்டுபிடித்த உத்தி இதுவேதான்: சாலையைக் குறுக்கு, வேகம் குறையும். உடனே எச்சரிக்கை வரும்: சாலையில் தானியம் உலர்த்துவது சட்டவிரோதம், மீறினால் நடவடிக்கை. ராத்திரியில் அந்தக் கல்லில் மோதிச் செத்தவர்களும் உண்டு, அதனால் எச்சரிக்கை தப்பில்லை. ஆனால் அந்தச் சம்சாரிமேல் காட்டும் சுறுசுறுப்பில் கால்வாசியை டிப்பர்மேல் காட்டக் கூடாதா? சாலையில் சோளம் கிடந்தால் குற்றம், பிள்ளை கிடந்தால் விதி.

அரசாங்கத்துக்கு வேகம் வராது என்று நான் சொல்லவே மாட்டேன். 2016 டிசம்பர் 15-ல் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கைக் கொண்டுபோனவர்களில் தமிழகத்து வழக்கறிஞர் கே.பாலு ஒருவர். குடித்துவிட்டு ஓட்டிச் சாவதைத் தடுக்கத்தான் அந்தத் தீர்ப்பு. டாஸ்மாக் கடைகள் மூவாயிரத்துக்கு மேல் மூடப்பட்டன. அப்போது வந்தது பாருங்கள் ஒரு வேகம்! 2017 ஏப்ரலில், உங்கள் ஊருக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலையை உள்ளாட்சிச் சாலையாக எடுத்துக்கொள்ளத் தீர்மானம் போடுங்கள் என்று நகராட்சிகளுக்குச் சுற்றறிக்கை பறந்தது. நெடுஞ்சாலை என்ற பெயர் போய்விட்டால் தீர்ப்பும் போய்விடும் அல்லவா? அதற்கும் உயர் நீதிமன்றம் குறுக்கே நிற்க வேண்டியிருந்தது. இந்தச் சாலை எங்களுடையது இல்லை, அந்தத் துறையுடையது என்று ஆண்டுக்கணக்காகப் பாடுகிறவர்கள், பாட்டில் விற்க வேண்டும் என்றதும் ஒரே கையெழுத்தில் சாலையின் சாதியையே மாற்றப் புறப்பட்டார்கள். தெருவில் பிள்ளைகள் நடக்கவேண்டும் என்பதற்காக எந்தச் சாலைக்கும் அப்படி மறுபெயர் சூட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சட்டத்தில் இடமில்லை என்பதும் கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காக எந்தச் சாலையிலும் வேகத்தைக் குறைத்து அறிவிக்கலாம் என்று மாநில அரசுக்கு 1988-லேயே அதிகாரம் கொடுத்துவிட்டது. டெல்லி அதற்கு எதிர்த்திசையில் ஓடியது: 2018 ஏப்ரலில் நகர எல்லைக்குள் கார் 70, பைக் 60 வரை போகலாம் என்றும், விரைவுச் சாலையில் 120 என்றும் அறிவிப்பு வந்தது. வேகத்தால் இத்தனை பேர் சாகும்போது வரம்பை உயர்த்துவதா என்று கேட்டு 2021-ல் அந்த அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 நவம்பரில் சென்னைப் போலீஸ் ஒரு நல்ல காரியம் செய்தது: குடியிருப்புப் பகுதித் தெருக்களில் எந்த வண்டியும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஆக, பிள்ளையின் உடம்பு முப்பதுக்குமேல் தாங்காது என்பது தமிழ்நாட்டுப் போலீஸுக்குத் தெரிந்திருக்கிறது. லப்பைக்குடிக்காட்டுப் பிள்ளைகளை இரும்பில் செய்திருப்பதாக யாரோ தகவல் கொடுத்திருக்க வேண்டும்.

மறியல் நம் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்று சைக்கிளுக்குப் பேர் போன நெதர்லாந்தில் 1971-ல் சாலையில் 3,300 பேர் செத்தார்கள். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். தன் மகளை அப்படிப் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கென்ஹோஃப் 1972-ல் எழுதிய கட்டுரையிலிருந்து 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற இயக்கம் பிறந்தது. தாய்மார்கள் தெருவை அடைத்து உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் நடுரோட்டில் விளையாடினார்கள். டெல்ஃப்ட் நகரத்துக் குடியிருப்புத் தெருக்களில் மரமும் பெஞ்சும் வைத்து, பாதையை நெளியவிட்டு, கார் நடக்கிற வேகத்தில்தான் போகலாம் என்று ஆக்கினார்கள். 1976-ல் அது நாட்டுச் சட்டத்திலும் ஏறியது. அவர்களும் ரோட்டில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் தாசில்தார் ஒரு மேடு தருகிறேன் என்றதும் எழுந்து போகவில்லை. நாம் செத்த பிள்ளையின் தெருவுக்கு மட்டும் கேட்கிறோம், அதை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். பக்கத்துத் தெரு தன் முறைக்குக் காத்திருக்கிறது. இந்தப் பேரத்தில் நமக்கும் பங்கு உண்டு, அதிகாரியை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் போதாது.

எதிர்ப்பு இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டுமே. 2023 செப்டம்பரில் வேல்ஸ் நாடு குடியிருப்புத் தெருக்களின் வேகத்தை மணிக்கு 20 மைலாக, அதாவது நம் கணக்கில் 32 கிலோமீட்டராகக் குறைத்தபோது நான்கரை லட்சத்துக்கு மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளைக்காரனும் வேகத்தில் நம்மவன்தான். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வாழும் ஹெல்சிங்கி நகரத்தில் பாதிக்கு மேற்பட்ட தெருக்கள் முப்பதில்தான் ஓடுகின்றன. 2025 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. நம் முறைப்படி பார்த்தால் அந்த ஊருக்கு இனி ஒரு வேகத்தடைகூடச் சாங்ஷன் ஆகாது.

கேட்பது பெரிய காரியம் இல்லை. தெருவின் வாயைக் கல் நட்டு இரண்டு பக்கமும் சுருக்குங்கள். டிப்பர் நுழையாது, ஆம்புலன்ஸ் நுழையும். பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் முன்னால் சாலையையே நடப்பவர் உயரத்துக்கு அகலமான மேடையாக ஏற்றுங்கள். நடக்கிறவர் இறங்க வேண்டாம், ஓட்டுகிறவன் ஏறட்டும். மேடு போட்டால் கையேட்டில் இருக்கிற 3.7 மீட்டருக்குப் போடுங்கள், அன்றைக்கே வெள்ளையடியுங்கள். ஒரு பேரூராட்சிக்கு இது ஒரு வளைவு நுழைவாயில் கட்டும் செலவுகூட ஆகாது, அதுவும் யாருடைய பெயரோ பொறித்த நுழைவாயில்.

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன், உடைந்து வந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்து, 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2025 அக்டோபர் 7-ல் நீதிமன்றம் எல்லா மாநிலங்களையும் பார்த்துச் சொன்னது: தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளை எப்படி வடிவமைக்க வேண்டும், நடப்பவர்களை எப்படிக் காக்க வேண்டும் என்ற விதிகளை ஆறு மாதத்துக்குள் எழுதுங்கள். எழுதும் அதிகாரத்தை நாடாளுமன்றம் 2019-லேயே கொடுத்துவிட்டது. ஆறு வருஷமாக யாருக்கும் பேனா கிடைக்கவில்லை. கோட்டையில் இனி அதை எழுதப்போகும் அதிகாரி ஐயா, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தெருக்களுக்கு 30 என்று எழுதும்போது, பழக்கதோஷத்தில் பக்கத்தில் 'மாநகராட்சி எல்லைக்குள்' என்று சேர்த்துவிடாதீர்கள். நாங்கள் பேரூராட்சி.